அக்காவின் சடையும் ஃபைப்ரினோஜனும்

பாதி ஆராய்ச்சியில் இருப்பவனை, பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் அறைக்குள் விடவே கூடாது. ஆராய்ச்சியை முடித்தவனால் தொந்தரவு இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்குக் கசக்கும். ஆரம்பிக்காதவனாலும் தொந்தரவு இல்லை. அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. நடுவில் நிற்கிறவன்தான் ஆபத்தானவன். "தம்பி என்ன பண்றாப்ல?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டுவிட்டால், அது மரியாதைக்குக் கேட்ட கேள்வி என்பதே அவனுக்குப் புரியாது. உலகமே தன் ஆராய்ச்சியைத் தெரிந்துகொள்ளத் தவம் கிடக்கிறது என்று நினைத்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவான்.

ரூபி அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, அந்த நாற்காலியின் நுனியில் நான் இருந்தேன்.

என் ஆராய்ச்சி ரத்தம் உறைவதைப் பற்றியது. கையில் கத்தி பட்டால் ரத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது அல்லவா? அப்படி நிற்க வைப்பதில் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது மனிதனிடம் எப்படி இருக்கிறது, பசுவிடம் எப்படி இருக்கிறது, எருமை, ஆடு, பன்றி, நாய், எலி இவற்றிடமெல்லாம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கோயம்புத்தூரில், ஒரு பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் முன்னால்.

கம்ப்யூட்டர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வந்துவிடும். (சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.) பள்ளிக்கூடத்தில் ரத்த வகை பார்க்க வந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் விரலில் ஊசி குத்தினார்கள். விழுந்தது நான். வீட்டில் பீட்ரூட் நறுக்கும்போதெல்லாம் அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொல்வாள் என்று அக்கா சொல்லித் திரிவது மட்டும் பொய். மற்றதெல்லாம் உண்மை.

கம்ப்யூட்டர் திரையில் அந்தத் தொல்லை இல்லை. புரதம் அங்கே அழகான ரிப்பன் போலச் சுருண்டு சுருண்டு தெரியும். சுட்டியைப் பிடித்து இழுத்தால் திரும்பிக் காட்டும். எந்த இழைக்கு எந்த நிறம் என்பதை நாமே முடிவு செய்யலாம். நான் நீலம் கொடுத்தேன், பச்சை கொடுத்தேன், மஞ்சள் கொடுத்தேன். சிவப்பை எதற்கும் கொடுக்கவில்லை.

எங்கள் வீடு நீலகிரியில், நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் குவார்ட்டர்ஸ். அப்பா எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். அம்மாவுக்கு ஃபைப்ரினோஜன் என்று சொல்ல வரவில்லை. அதனால் "எம் பையன் ரத்த டாக்டருக்குப் படிக்கறான்" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். லீவுக்கு ஊருக்கு வந்தால், சர்க்கரைக்குப் பார்த்த டெஸ்ட் சீட்டை எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். நான் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, "தண்ணி நல்லா குடிங்க" என்பேன். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா ஊட்டியில் டீச்சர். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தவள், இந்த வரன் சர்ச் மூலமாக வந்தபோது மட்டும் "உங்க இஷ்டம்" என்றாள். அம்மா அதிசயப்பட்டாள். நான் படவில்லை. மாப்பிள்ளை டேனியலும் அவளும் முந்தின வருடம் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடியவர்கள் என்பதும், அதற்குப் பிறகு அக்கா போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள் என்பதும் எனக்கு மட்டுமே தெரியும்.

டேனியலுக்குக் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் வேலை. அவருடைய அப்பா தேவசகாயம், வெடிமருந்துத் தொழிற்சாலையில் மெஷின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். அம்மா கிருபா, ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான் ஓய்வு என்று சொன்னார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அக்கா என்னைச் சமையலறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"டேய் ஜெபா, நாளைக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது."

"அவங்களே கேட்டா?"

"கேட்டா ஒத்த வார்த்தைல பதில் சொல்லு. அதுக்கு மேல ஒரு எழுத்து வந்துச்சு, கொன்னுருவேன்."

சரி என்றேன். ஃபைப்ரினோஜன் என்பதும் ஒற்றை வார்த்தைதானே என்று அப்போதே மனதில் ஒரு மூலையில் தோன்றியது.

மறுநாள் காலையிலிருந்தே மழைத் தூறல். பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போடுவதா வேண்டாமா என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் சண்டை. (மலையில் நடக்கிற பெண் பார்க்கும் சடங்குகளில் பாதி இந்தச் சண்டையில்தான் தொடங்கும். கீழே இருக்கிறவர்களுக்குப் புரியாது.) கடைசியில் அக்கா ஸ்வெட்டர் இல்லாமல், பல் தந்தியடிக்க, ஊட்டி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த மல்லிகையைச் சடையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். அவர்கள் வரவேண்டிய நேரம் போய், தகரக் கூரையில் மழை பலமாக விழ ஆரம்பித்த பிறகுதான் கார் வந்தது.

கிருபா ஆன்ட்டி இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"ஏனுங்க, உசிரே போயிருச்சுங்க. பைக்காராவத் தாண்டி ஒரு வளைவுல காட்டெருமை நிக்குது. நடு ரோட்டுல. நகர மாட்டேங்குது. என்னையவே உத்துப் பாத்துட்டு நிக்குதுங்க."

"ஆரன் அடிச்சா முட்டிரும்னு இவன் என்ஜினையே நிறுத்திட்டான்" என்றார் தேவசகாயம் அங்கிள். டேனியல் குனிந்து சிரித்துக்கொண்டார். க்ரீம் நிறத்தில் புத்தம் புதுச் சட்டை போட்டிருந்தார்.

ஜெபம் முடிந்தது. அம்மா மொறுமொறு ஊட்டி வர்க்கி, லட்டு, எங்கள் வீட்டு மரத்துப் பேரிக்காய், அதை நறுக்க ஒரு கத்தி என்று மேஜையை நிரப்பினாள். அக்கா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கிருபா ஆன்ட்டி எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய், பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். அக்கா சொன்ன பதில்கள் அவருக்குப் பிடித்திருந்தன. முகத்திலேயே தெரிந்தது. அப்பா பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தேவசகாயம் அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி என்ன படிக்கறீங்க?"

"பிஎச்டிங்க."

"எதுல?"

"ஃபைப்ரினோஜன்."

இரண்டு கேள்வி, இரண்டே வார்த்தை. அக்காவைப் பெருமையோடு பார்த்தேன். அவளும் மெல்லத் தலையசைத்தாள்.

"அப்படின்னா என்னங்க தம்பி?" என்றார் அங்கிள்.

அவர் மரியாதைக்குக் கேட்டிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேனோ என்னவோ. அவர் உண்மையாகவே கேட்டார். ஒரு சாதனத்தைக் கண்டால் மூடியைத் திறந்து உள்ளே எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தே தீரவேண்டிய ஆள் அவர். வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அதுவரை யாரும் அப்படி என் முன்னால் குனிந்ததில்லை.

"அது ஒரு புரதமுங்க அங்கிள். நடுவுல ஒரு உருண்டை இருக்கும். அதுலருந்து ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி நீண்டு போகும். ஒவ்வொரு கயித்துலயும் மூணு இழை."

"மூணு இழைன்னா? முறுக்கின கேபிள் மாதிரிங்களா?"

"கேபிள் இல்லீங்க. வந்து..." நான் சுற்றிலும் தேடினேன். மூன்று இழை கொண்ட ஒரு பொருள் என் கண் முன்னாலேயே இருந்தது.

"அக்கா, கொஞ்சம் திரும்பு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தம்பியோடு மல்லுக்கு நிற்க முடியுமா? திரும்பினாள். நான் எழுந்து போய் அவள் சடையைத் தூக்கிப் பிடித்தேன்.

"பாத்தீங்களா அங்கிள், மூணு கால் பின்னல். அக்கா தலைதான் நடு உருண்டை. இந்தப் பக்கம் ஒரு சடை, அந்தப் பக்கம் ஒரு சடை. சின்னப் புள்ளையா இருந்தப்ப அக்கா ரெட்டைச் சடை போடுவா. ஓடினா ரெண்டும் ரெண்டு பக்கமும் பறக்கும். அசல் ஃபைப்ரினோஜன் மாதிரியே இருப்பா!"

"ஓ!" என்றார் அங்கிள்.

"சடை நுனியில இன்னொரு உருண்டை." தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துச் சடை நுனியில் பிடித்தேன்.

அம்மா இருமினாள். சாதாரண இருமல் இல்லை, ஆளைக் கூப்பிடும் இருமல். அப்பா கூரை எங்கேயாவது ஒழுகுகிறதா என்று ஆராய ஆரம்பித்தார்.

"இது பாட்டுக்கு ரத்தத்துல மிதந்துட்டே இருக்குமுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஏன்னா நடு உருண்டைல இந்தப் பூ மாதிரி ஒரு சின்னத் துண்டு மறைச்சுட்டு இருக்கும். காயம் பட்டதும் கத்திரி மாதிரி ஒண்ணு வந்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துரும். எடுத்த உடனே..."

சொல்லிக்கொண்டே அக்கா தலையிலிருந்த மல்லிகைப் பூவைச் சரக்கென்று உருவினேன்.

"எடுத்தாத்தான் அங்கிள் ஒண்ணோட ஒண்ணு சேரும்!"



எங்கள் குடும்பம் சகுனம் பார்க்காத குடும்பம். போதகர் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் தலையிலிருந்து பூவைப் பிடுங்கி, ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் லட்டையும் வைத்துக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு நிற்கிற தம்பியைப் பார்த்தால், எந்த மதத்துக்காரரும் சகுனம் பார்க்கத்தான் செய்வார். அம்மாவின் உதடு ஜெபத்தில் அசைந்தது. டேனியலின் முகம் டீ கப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கப்பு மட்டும் குலுங்கியது.

கிருபா ஆன்ட்டி பெரிய மனுஷி. நான் கௌரவமாக உட்கார ஒரு வழி செய்து கொடுத்தார்.

"சரி தம்பி, நல்லா வெளக்குனீங்க. இதுல நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?"

"ஒப்பிட்டுப் பாக்கறேங்க ஆன்ட்டி. மனுசன், மாடு, எருமை, பன்னி, நாய் எல்லாத்தையும். அதிசயம் என்னன்னா, இந்தச் சடையோட அமைப்பு எதுலயும் பெருசா மாறல. வெட்டி எறியற பூ மட்டும்தான் மிருகத்துக்கு மிருகம் மாறிட்டே போகுது. இப்ப உங்களையே எடுத்துக்கங்க."

(ஏன் அவரை எடுத்தேன்? அறையில் அப்பா இருந்தார். நான் இருந்தேன். வாசலில் நாய்கூடப் படுத்திருந்தது.)

"வழியில காட்டெருமை பாத்தீங்கல்லங்க? ஃபைப்ரினோஜன் அமைப்ப மட்டும் பாத்தா, உங்களுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமே இல்லீங்க."

"எனக்கும் அதுக்குமா?"

"ஆமாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, பழக்கமில்லாதவங்களுக்கு எது எதுன்னு சட்டுனு அடையாளமே தெரியாதுங்க."

"டேய் ஜெபா" என்றார் அப்பா, "வெளிய நாய் கொரைக்குது, என்னன்னு பாரு."

"கொரைக்கலயேப்பா."

கிருபா ஆன்ட்டி தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு பேரிக்காயை எடுத்தார். கத்தியை எடுத்தார். நறுக்க ஆரம்பித்தார். அந்தப் பேரிக்காய் என் கழுத்தாக அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு அழுத்தம். எங்கள் மரத்துக் காய் கொஞ்சம் கல் மாதிரிதான் இருக்கும். கத்தி வழுக்கியது.

"ஸ்ஸ்..." என்று கையை உதறினார். வெள்ளைத் தட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு சொட்டு.

அறையில் இருந்த எல்லோரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ரத்தம் உறைவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியவன் நான்தானே? அம்மாவுக்கு என் மானத்தை மீட்க ஆண்டவரே வழி காட்டிவிட்டதாகத் தோன்றியிருக்கிறது.

"ஜெபா! ரத்தம் கண்ணு! என்னன்னு பாரு!"

பார்த்தேன்.

அடுத்து நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. மற்றவர்கள் சொன்னதுதான். நான் எழுந்து நின்றேனாம். மேடையில் பேசப்போகிறவன் மாதிரி ஒரு விரலை உயர்த்தினேனாம். "ஃபைப்..." என்றேனாம். பிறகு வெட்டிய மரம் மாதிரி நேராக டேனியல் மேல் விழுந்தேனாம். அவர் கையிலிருந்த டீ, அந்தப் புதுச் சட்டையில் பாதியும் என் தலையில் பாதியுமாகப் போயிற்று. லட்டு எங்கே போனது என்பது பற்றி இன்று வரை ஒருமித்த கருத்து இல்லை.

கண் விழித்தபோது மேலே தகரக் கூரை தெரிந்தது. கீழே, என் தலைக்கு அடியில், ஒரு கை தாங்கிப் பிடித்திருந்தது. கிருபா ஆன்ட்டியின் கை. இன்னொரு கையின் விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டு, என் முகத்தில் தண்ணீர் தெளித்தவரும் அவர்தான்.

"முழிச்சுட்டாப்ல" என்றார். பிறகு அம்மா பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. தம்பிக்கு வலிப்பு ஏதாவது இருக்குங்களா? ஊட்டுல வேற ஆருக்காவது...?"

தாழ்த்திய குரல்தான். ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் முறிந்துபோன சம்பந்தங்கள் எங்கள் எஸ்டேட்டிலேயே உண்டு. சித்தப்பா ஒருவர் தொடர்ந்து இருமினார் என்பதற்காக நின்றுபோன கல்யாணம் ஒன்று எனக்குத் தெரியும். நான் படுத்த இடத்திலிருந்து அக்காவைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தாள். சடை கலைந்திருந்தது. தலையில் பூ இல்லை. குளிரா அழுகையா தெரியவில்லை, தாடை மட்டும் நடுங்கியது. எத்தனையோ வரன்களைத் தட்டிவிட்டு இந்த ஒன்றுக்காகக் காத்திருந்தவள்.

அக்கா நேராக வந்தாள். என்னைத் தாண்டித்தான் வந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிருபா ஆன்ட்டியின் கையைப் பிடித்து, சேலைத் தலைப்பை விலக்கி, சுத்தமான கைக்குட்டையை மடித்து வெட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.

"கையக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க அத்தை. அழுத்திட்டே இருந்தா நின்னுரும்."

அத்தை என்றாள். அதுவரை ஆன்ட்டி.

"இவனுக்கு வலிப்பெல்லாம் இல்லீங்க. ரத்தம் பாத்தா விழுந்துருவான். சின்னதுலருந்து இப்படித்தான். எங்க ஊட்டுல இவன் ஒருத்தன்தான் இப்படி. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"ரத்தத்துல ஆராய்ச்சி பண்றவரு, ரத்தத்தப் பாத்தா விழுவாரா?"

"கம்ப்யூட்டர்லதான் பண்றானுங்க."

கிருபா ஆன்ட்டி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பல வருடம் பிள்ளைகளின் பொய்யையும் உண்மையையும் பிரித்துப் பார்த்த கண்கள். நம்பலாமா வேண்டாமா என்று தராசு ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் முடிவைக் கணவரிடம் விட நினைத்துத் திரும்பினார்.

"என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?"



தேவசகாயம் அங்கிள் சோபாவின் மூலையில், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கையில் வர்க்கி அப்படியே இருந்தது. அவர் எனக்காக ஜெபம் செய்துகொண்டிருக்கிறார் என்று அப்பா நினைத்திருக்கிறார். அதனால் தானும் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா?" என்று டேனியல் தோளைத் தொட்டார்.

அங்கிள் மெதுவாகச் சரிந்து அப்பாவின் மடியில் விழுந்தார். வர்க்கி தரையில் விழுந்து நொறுங்கியது.

அம்மா "ஏசப்பா!" என்று அலறினாள். ஆனால் கிருபா ஆன்ட்டி அலறவில்லை. பதறக்கூட இல்லை. காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவியின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

"அம்மா, சொல்லிருங்கம்மா" என்றார் டேனியல். அவர் அன்றைக்கு வாய் திறந்து பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"சொல்றதுக்கு என்ன இருக்குது" என்றார் ஆன்ட்டி. "இவருக்கும் ரத்தம் ஆகாதுங்க. வெடிமருந்துக்கு நடுவுல நின்னு வேலை பாத்தவரு. சவரம் பண்ணும்போது கீறிட்டா, கண்ணாடி முன்னாடியே உக்காந்துருவாரு. இவன் பொறந்தப்ப கொழந்தையப் பாக்க ஓடி வந்தவரு, ஆஸ்பத்திரி வராந்தாலயே விழுந்துட்டாரு. நர்ஸுங்க எல்லாம் என்னைய உட்டுப்போட்டு அவரத் தூக்க ஓடிட்டாங்க."

முதலில் டேனியலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. டீ கப்புக்குப் பின்னால் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது. அடுத்து அக்கா. அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், மடியில் சம்பந்தியின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருபா ஆன்ட்டி தான் ஹெட்மிஸ்ட்ரஸ் என்பதைக் கடைசி வரை நினைவில் வைத்துக்கொண்டிருக்கப் பார்த்தார். முடியவில்லை. கைக்குட்டை சுற்றிய விரலை மேலே தூக்கிப் பிடித்தபடியே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து ஒரே கம்பளியைப் போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிள் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பூவ வெட்டுனதுக்கப்பறம் என்ன ஆகும்னு சொல்லவே இல்லையே?"

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுப் படுங்க!" என்று மேலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் ஒன்று வந்தது.

படுத்துக்கொண்டோம்.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மறுபடி டீ போட்டாள். கிருபா ஆன்ட்டி அதை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வியாதி ரெண்டு பக்கமும் சமமா இருக்குதுங்க. இதுக்கு மேல விசாரிக்கறதுக்கு என்ன இருக்குது? பேசி முடிச்சரலாமுங்க." பிறகு என் கையில் நசுங்கிக் கிடந்த மல்லிகையை வாங்கி, ஊதி, நல்ல பூக்களை மட்டும் பிரித்தெடுத்து, அக்கா தலையில் அவரே வைத்துவிட்டார்.

அக்கா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. கடைசியில் பேசியபோது, "ஒத்த வார்த்தைன்னு சொன்னேனா இல்லையாடா?" என்றாள். "ஃபைப்ரினோஜன் ஒத்த வார்த்தைதானே?" என்றேன். அடிக்க அவள் கையில் கிடைத்தது தலையணையாகப் போயிற்று. அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.

குன்னூரில் ஒரு சர்ச்சில் கல்யாணம் நடந்தது. கிருபா அத்தை (இப்போது எனக்கும் அத்தை) என் கையைப் பிடித்து ஒவ்வொரு வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார். "இவருதான் பொண்ணோட தம்பி. பெரிய விஞ்ஞானி. எனக்கும் காட்டெருமைக்கும் வித்தியாசமே இல்லைன்னு கண்டுபுடிச்சவரு." கேட்டவர்கள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சிரிக்கலாமா என்று தெரியாமல் கை கொடுத்தார்கள். டேனியல் மச்சானின் ஆபீசிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி மட்டும் ரொம்ப அக்கறையாக, "எந்த யுனிவர்சிட்டிங்க?" என்று கேட்டார்.

பட்டமும் வாங்கிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் எல்லாவற்றையும் படம் போட்டே விளக்கினேன். யார் சடையையும் தொடவில்லை. தேவசகாயம் மாமாவுக்கு விட்டுப்போன மிச்சத்தையும் பிறகொரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பூ போனதும் ஒன்றின் நடு உருண்டை இன்னொன்றின் நுனி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும், அது இன்னொன்றை, அப்படியே நூலாகி, நூல் வலையாகி, வலைக்குள் ரத்தம் சிக்கி நின்றுவிடும் என்று. அவர் கண்ணை விரித்துக் கேட்டார். "அருமையான டிசைனுங்க" என்றார். ரத்தம் என்ற சொல் வந்த இடங்களில் மட்டும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்காவது வெட்டுப்பட்டால் பஞ்சையும் மருந்தையும் தேடி யாரும் ஓடுவதில்லை. எங்கள் இருவரைத் தேடித்தான் ஓடுவார்கள். "மாமாவ உக்கார வைங்க! ஜெபா எங்க இருக்கான், அவனையும் உக்கார வைங்க!" என்று வீடே அல்லோலகல்லோலப்படும். நாங்கள் உட்கார்ந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் காயத்தைக் கவனிப்பார்கள். விருந்துக்கு வரும் புது ஆட்களுக்கு அத்தை கதையை முதலிலிருந்து சொல்வார். ஒவ்வொரு தடவையும் அந்த லட்டு வேறு வேறு இடத்தில் கிடைக்கும்.

போன மாதம் அக்காவின் குன்னூர் வீட்டில் நானும் தேவசகாயம் மாமாவும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும் அக்காவின் மகள் ஜெமி, விளையாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திப் பிடித்திருந்தாள். உதடு பிதுங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் ததும்பி நின்றது. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"தாத்தா, உக்காருங்க" என்றாள். "மாமா, நீங்களும்."

படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"கண்ண மூடுங்க."

மூடிக்கொண்டோம். நாங்கள் இறுக்கமாக மூடியிருக்கிறோமா என்று அவள் கிட்ட வந்து பார்த்திருக்க வேண்டும். மூச்சு முகத்தில் பட்டது. அதற்குப் பிறகுதான் குழந்தை முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாயை அகலத் திறந்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள்.